டாப்புக்கு முன்னால் ஒரு பொறி

கோவளத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே இறங்கினால் நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று குப்பங்கள் வரிசையாக வரும். 2019 நவம்பர் 29 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த இந்தக் கரை இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. படகை ஒதுக்கிக் கட்ட அமைதியான நீர் இங்கே அநேகமாக எங்கும் கிடையாது. படகு மணலிலிருந்து இறங்குகிறது, மணலிலேயே வந்து ஏறுகிறது. நடுவில் அலை உடையும் பட்டை ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் தொழில்.

அந்தப் பட்டையில் எஞ்சினுக்குக் கிடைக்கும் அவகாசம் சில நொடிகள். பெரிய அலை ஒன்று உடைந்து ஓய்ந்ததும் படகைத் தள்ளி, கயிற்றை இழுத்து, எஞ்சின் பிடித்த கையோடு முழு வேகத்துக்குத் திருகி, அடுத்த அலை எழும்புவதற்குள் வெளியே போய்விட வேண்டும். மெதுவோட்டத்திலிருந்து வேகத்துக்குப் போகும்போது எஞ்சின் ஒரு தடவை இருமி நின்றால் போதும், படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். துறைமுகத்திலிருந்து புறப்படும் படகுக்கு இந்த இருமல் ஓர் எரிச்சல். இங்கே அது படகு கவிழும் விஷயம். எஞ்சினைப் பிரித்துக் கட்டியபின் 'டைமிங் வைக்கிற' வேலைக்கு இந்தக் கரையில் தனி மரியாதை இருப்பது இதனால்தான்.

கட்டுமரக் காலத்தில் இந்தக் கவலை இல்லை. துடுப்பும் பாயும்தான் அதற்கு எஞ்சின். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனாகவும் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன, கட்டுமரங்கள் மெல்ல ஒதுங்கின. ஃபைபர் படகோடு எஞ்சினும் கரைக்கு வந்தது. அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, நீண்ட ஷாஃப்டின் முனையில் இறக்கை சுழலும் சிறு டீசல் எஞ்சின். மற்றொன்று, அரசு ஆவணங்கள் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்று அழைக்கும் அவுட்போர்டு மோட்டார். படகின் பின்பலகையில் கவ்விக்கொண்டு நிற்கும் யமஹாவோ சுசுகியோ, பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். இந்த அத்தியாயம் முக்கியமாக இரண்டாவதைப் பற்றியது. டீசலும் நடுவில் ஒருமுறை தலைகாட்டும், காரணத்தோடுதான்.

டைமிங் என்றால் பிளக்கில் பொறி எப்போது பறக்க வேண்டும் என்ற கேள்வி. பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தை மெக்கானிக்குகள் 'டாப்' என்பார்கள். கலவை முழுக்க அழுந்தியிருக்கும் அந்த இடத்தில் பொறி விட்டால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி ஒரே கணத்தில் பற்றிக்கொள்வதில்லை. பிளக்கின் முனையில் ஒரு சிறு கரு தோன்றி, அது சுவாலையாக வளர்ந்து, சிலிண்டரின் மறுகோடி வரை பரவ வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றிரண்டு நொடி ஆகிறது.

கேட்பதற்கு அற்பமான நேரம். எஞ்சினின் கணக்கில் அது அற்பமல்ல. நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 33 பங்கு போதும். 25 டிகிரி திரும்புவதற்குள் செலவாவது ஆயிரத்தில் ஒரு நொடிகூட இல்லை. டாப்பில் பொறி விட்டால் சுவாலை வளர்ந்து அழுத்தம் சேர்வதற்குள் பிஸ்டன் கணிசமான தூரம் இறங்கிவிட்டிருக்கும். வீணான அந்த வெப்பம் எக்ஸாஸ்ட் வழியாகக் கடலுக்குப் போகும். எனவே பொறி முந்த வேண்டும். எரிதலின் உச்ச அழுத்தம் டாப்பைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரியில் பிஸ்டன் தலைமேல் இறங்கும்படி கணக்கிட்டால், முழு வேகத்தில் பொறி டாப்புக்கு 20 முதல் 30 டிகிரிக்கு முன்னாலேயே பறந்திருக்க வேண்டும். துல்லியமான எண் மாடலுக்கு மாடல் மாறும். அதைக் கையேட்டில் பார்க்காமல் 'எல்லாம் ஒன்றுதான்' என்று வைப்பவரிடம் எஞ்சினைக் கொடுக்காமலிருப்பது நல்லது.

முந்த வேண்டும் என்றதும் கொஞ்சம் கூடுதலாக முந்தினால் கூடுதல் இழுப்பு கிடைக்குமே என்ற ஆசை வரும். ஓரளவுக்குக் கிடைக்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் மோசம். பொறி சீக்கிரம் விழுந்தால், பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எகிறுகிறது. சுவாலை இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் கலவை இரண்டு பக்கமும் நசுங்கி, சூடேறி, சுவாலைக்குக் காத்திராமல் தானாகவே வெடிக்கிறது. இதுதான் நாக்கிங். காரில் அது டக்டக் என்று காதில் விழும். அவுட்போர்டில் எக்ஸாஸ்ட் சத்தமும் அலைச் சத்தமும் சேர்ந்து அதை மூடிவிடும். ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும் நாளில்தான் தெரியும்: பிஸ்டனின் விளிம்பு மணலடித்தாற்போல் அரித்திருக்கும், பிளக்கின் பீங்கானில் அலுமினியத் துகள் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் நாளில் கரை திரும்பும் படகு எதிர்க்காற்றில் முழு இழுப்பில் நெடுநேரம் ஓட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று டிகிரி முந்திய எஞ்சின் காலையில் சாதுவாகப் போய்விட்டு இந்தத் திரும்பும் பயணத்தில்தான் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும்.

இதில் மண்ணெண்ணெய் வேறு சேர்கிறது. இந்தக் கரையில் ஓடும் அவுட்போர்டுகளில் பல, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெய்க்கு மாறும் ரகம். காரணம் விலை. இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுகளுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 3,400 லிட்டர் மண்ணெண்ணெயை மானிய விலையில் கொடுத்துவந்தது. 2023-ல் அதை 3,700 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. ஆனால் நாக்கிங்கைத் தாங்கும் திறனில் மண்ணெண்ணெய் பெட்ரோலின் பக்கத்தில்கூட வராது. நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் 90-ஐத் தாண்டும். மண்ணெண்ணெயின் எண் அதில் ஒரு சிறு பங்குதான். எனவே மண்ணெண்ணெய் மாடல்களில் அழுத்த விகிதத்தைத் தொழிற்சாலையிலேயே குறைத்துவிடுகிறார்கள். எஞ்சின் சூடாகும் வரை பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெய், நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பெட்ரோல், அப்போதுதான் அடுத்த இழுப்பில் எஞ்சின் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் பழகிப்போன வரிசை. பெட்ரோல் எஞ்சினில் இரண்டு டிகிரி பிசகு மன்னிக்கப்படலாம். மண்ணெண்ணெயில் அந்தச் சலுகை குறைவு.

நாக்கிங்கின் வரலாறே ஒரு மண்ணெண்ணெய் எஞ்சினில்தான் சூடுபிடித்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் பண்ணை வீடுகளுக்கு விளக்கு எரிக்க டெல்கோ லைட் என்ற சிறு ஜெனரேட்டர்களை விற்றுவந்தார். அவை மண்ணெண்ணெயில் ஓடின, பயங்கரமாக நாக் அடித்தன. கார்களுக்கு பாட்டரி இக்னிஷனைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பதால், அந்த இக்னிஷன்தான் நாக்கிங்குக்குக் காரணம் என்று வாய்ப்பேச்சு கிளம்பியது. கெட்டரிங் 1916-ல் தன் இளம் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் விஷயத்தைத் தோண்டச் சொன்னார். எரிபொருளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால் வெப்பத்தை நன்றாக உறிஞ்சி சீக்கிரம் ஆவியாகும் என்று மிட்ஜ்லிக்கு ஒரு யோசனை. கைக்கு அகப்பட்ட அயோடினைக் கலந்தார். நாக்கிங் நின்றது. சந்தோஷப்பட்டு வேறு சிவப்புச் சாயங்களைப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. வேலை செய்தது நிறமல்ல, அயோடினின் வேதியியல். தவறான யோசனையிலிருந்து சரியான கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் 1921 டிசம்பரில் ஈயம் கலந்த பெட்ரோலும் நுழைந்து, உலகத்தின் காற்றைப் பல பத்தாண்டுகள் நஞ்சாக்கியது. இந்தியாவில் அது முற்றாக விடைபெற 2000-ஆம் ஆண்டு வரை ஆனது. பழி இக்னிஷன்மேல் வரும், குற்றம் எரிபொருளில் இருக்கும். இந்த மாறாட்டம் மெக்கானிக் கடைகளில் இன்றும் வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கிறது.

பொறி எங்கிருந்து வருகிறது? பல சிறு அவுட்போர்டுகளில் பாட்டரி கிடையாது. மூடியைக் கழற்றினால் மேலே தெரியும் ஃப்ளைவீலின் உட்புறத்தில் காந்தங்கள் பதித்திருக்கும். அதனாலேயே மெக்கானிக்குகள் அந்தச் சக்கரத்தையே 'மேக்னெட்' என்று அழைக்கிறார்கள். அதற்கு அடியில் ஒரு வட்டத் தட்டில் காயில்கள். காந்தம் காயிலைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது: 1831-ல் ஃபாரடே கண்டது. இதை உயர் அழுத்தப் பொறியாக்கி எஞ்சினுக்கு நம்பகமாகக் கொடுத்தவர் ராபர்ட் போஷின் பட்டறையில் வேலை பார்த்த காட்லோப் ஹோனல்ட், 1902-ல். ஏழு ஆண்டு கழித்து மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் தன் அவுட்போர்டுகளை விற்கத் தொடங்கினார்.

பழைய மாடல்களில் பொறியின் நேரத்தைப் 'பாயிண்ட்' தீர்மானித்தது. இரண்டு சிறு உலோக முனைகள் சேர்ந்து பிரியும். பிரியும் கணம்தான் பொறியின் கணம். முனைகளின் இடைவெளியைக் கூட்டினால் அவை சீக்கிரம் பிரியும், டைமிங் முந்தும். குறைத்தால் பிந்தும். பாயிண்டைத் தள்ளும் ஃபைபர் குதி நாளடைவில் தேய்வதால், யாரும் தொடாமலே டைமிங் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திக்கொண்டே போகும். அதோடு உப்புக்காற்று. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடற்காற்று உலோகத்தைத் தின்னும் விதத்தை ஆராயவே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அந்தக் காற்றில் திறந்து மூடும் பாயிண்டு எத்தனை நாள் சுத்தமாக இருக்கும்?

பிறகு வந்த சி.டி.ஐ. முறையில் உரசும் முனையே இல்லை. ஒரு காயில் கண்டென்சரில் 200, 300 வோல்ட் வரை மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிறது. இன்னொரு சிறு காயில், காந்தம் தன்னைக் கடக்கும் கணத்தில் 'இப்போது' என்று சைகை கொடுக்கிறது. சேர்ந்த மின்சாரம் ஒரே மூச்சில் இக்னிஷன் காயிலுக்குள் பாய்ந்து பல ஆயிரம் வோல்ட்டாகி பிளக்கில் பாய்கிறது. தேய்மானம் இல்லை, இடைவெளி வைக்கும் வேலை இல்லை. அதனாலேயே சி.டி.ஐ. எஞ்சினுக்கு டைமிங்கே பார்க்க வேண்டாம் என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பாதிதான் உண்மை. சைகை கொடுக்கும் காயில் தேயாது என்பது சரி. அது சைகை கொடுக்கும் நேரத்தில் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி.

பிரித்துக் கட்டும்போது குலைவது இந்த உறவுதான். சிலிண்டரை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டதால் டைமிங் மாறாது. அந்த வேலைக்கு உருளையைச் செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ கொண்டுபோய் லேத்தில் கொடுத்து வாங்குவார்கள். அங்கே தவறினால் எஞ்சின் பிடிக்கும், புகையும், ஆனால் பொறியின் நேரம் அப்படியேதான் இருக்கும். நேரத்தை மாற்றுவது மேக்னெட்டைக் கழற்றி மாட்டுவதும், காயில் தட்டைக் கழற்றி மாட்டுவதும், ஆக்சிலேட்டர் கம்பிகளைப் பிரித்துச் சேர்ப்பதும்.

மேக்னெட் கிராங்கின் கூம்பு முனையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அரைவட்ட வடிவில் ஓர் எஃகுத் துண்டு, கடைகளில் 'உட்ரஃப் கீ' என்று கேட்டால் கொடுப்பார்கள். எஞ்சினிலேயே மலிவான பாகங்களில் ஒன்று. மேக்னெட்டைத் திருப்பும் பலத்தை இந்தக் கீதான் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கூம்பின் மேற்பரப்பு உராய்வுதான் தாங்குகிறது. கீயின் வேலை, மேக்னெட் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்று காட்டுவது மட்டும். கூம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, நட்டு கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுகாவிட்டாலோ உராய்வு கைவிடும், முழு பலமும் கீயின்மேல் விழும். கரையேறும்போது இறக்கை மணலில் குத்தி எஞ்சின் சட்டென்று நின்றாலும் அப்படித்தான். உடைவதற்கென்றே இறக்கையில் ஒரு ஷியர் பின் வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு யாராவது அதற்குப் பதிலாக இரும்பாணியைப் போட்டிருந்தால், உடைய வேண்டியது உடையாமல், அடி மேலே ஏறி கீக்குப் போய்ச் சேரும்.

கீ முழுதாக அறுந்தால் எஞ்சினே ஓடாது, தெரிந்துவிடும். ஏமாற்றுவது பாதி நசுங்கிய கீ. கிராங்கின் முனை 20 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், கீ கால் மி.மீ. நசுங்கினாலே மேக்னெட் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி நகர்ந்திருக்கும். கால் மி.மீ. என்பது கண்ணுக்குத் தெரியும் தெரியாது என்ற அளவு, நகத்தால் தடவினால் ஒரு படி போல் தட்டுப்படும். மேக்னெட்டில் தொழிற்சாலையில் போட்ட டைமிங் குறி அப்போதும் அழகாகத் தெரியும், ஆனால் பொய் சொல்லும். குறியைப் பார்த்து டைமிங் வைத்து, எல்லாம் சரி என்று மூடியை மாட்டிவிடுவார்கள். பிறகு கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், மண்ணெண்ணெயில் கலப்படம் என்பார்கள். முப்பது நாற்பது ரூபாய்க்குள் அடங்கும் ஒரு துண்டைப் புதிதாகப் போட்டிருந்தால் இந்தத் திருவிழாவே வேண்டாம். எஞ்சினைப் பிரித்தால் கீயை யோசிக்காமல் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

குறி பொய் சொல்லலாம் என்றால் எதை நம்புவது? பிஸ்டனை. பிளக் ஓட்டை வழியாக டயல் கேஜ் இறக்கி, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று நேராகப் பார்த்துவிடலாம். இங்கேதான் ஒரு அழகான வடிவியல் சிக்கல் காத்திருக்கிறது. ஊஞ்சல் வீச்சின் கோடியில் நின்றுபோனதுபோல் தோன்றுமே, அதேபோல் பிஸ்டனும் டாப்புக்கு அருகில் நின்றுவிட்டதுபோலத்தான் தெரியும். 60 மி.மீ. ஸ்ட்ரோக், 110 மி.மீ. கனெக்டிங் ராட் உள்ள எஞ்சினை எடுத்துக்கொள்வோம். டாப்புக்கு இந்தப் பக்கம் 5 டிகிரி, அந்தப் பக்கம் 5 டிகிரி, ஆக 10 டிகிரி கிராங்க் திரும்பும்போது பிஸ்டன் உச்சியிலிருந்து இறங்குவது வெறும் 0.15 மி.மீ. கேஜின் முள் மேலே போய் நிற்கும் இடம்தான் டாப் என்று எடுத்துக்கொண்டால், 0.1 மி.மீ. கவனப் பிசகுக்கு 4 டிகிரி தவறிவிடும். பெரும்பாலானோர் டாப்பைப் பிடிப்பது இப்படித்தான்.

இதைத் தாண்ட ஒரு பழைய தந்திரம் உண்டு. டாப்பைத் தேடவே வேண்டாம், அதற்கு இரண்டு பக்கமும் உள்ள இடங்களைத் தேடினால் போதும். பிளக் ஓட்டையில் ஒரு முட்டுக்கட்டையைத் திருகி, பிஸ்டன் அதில் மெல்ல மோதும் வரை மேக்னெட்டைக் கையால் ஒரு பக்கம் திருப்பி, எஞ்சின் உடலில் உள்ள முள்ளுக்கு நேராக மேக்னெட்டின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி மோதும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரியாக நடுவில் இருப்பது உண்மையான டாப். பிஸ்டன் வேகமாக நகரும் இடத்தில் அளப்பதால் பிழை சுருங்கிவிடுகிறது. டயல் கேஜையே இதே மாதிரி இரண்டு பக்கமும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தும் செய்யலாம். 200 மி.மீ. விட்டமுள்ள மேக்னெட்டின் விளிம்பில் ஒரு டிகிரி என்பது 1.75 மி.மீ. எவர்சில்வர் ஸ்கேலால் அளந்துவிடலாம், தனி உபகரணம் தேவையில்லை.

டாப் கிடைத்தபின் அங்கிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். நமது உதாரண எஞ்சினில் டாப்புக்கு 25 டிகிரிக்கு முன்னால் பிஸ்டன் உச்சியிலிருந்து 3.54 மி.மீ. கீழே இருக்கும். அங்கே கேஜில் 0.1 மி.மீ. தவறினாலும் கோணத்தில் வரும் பிழை மூன்றில் ஒரு டிகிரிதான். அதே கேஜ், அதே கை, அதே கவனப் பிசகு. டாப்பில் 4 டிகிரி தவறியது இங்கே அற்பமாகிவிட்டது. அதனால்தான் சில கையேடுகள் டைமிங்கை டிகிரியில் சொல்லாமல் 'டாப்புக்கு இத்தனை மி.மீ. கீழே' என்றே சொல்கின்றன. பெரிய அறிவியல் எதுவும் வேண்டாம், பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். பாடப்புத்தகத்தில் இந்தக் கணக்கு ஏன் வருவதில்லை என்பது வேறு வருத்தம்.

இதுவரை பார்த்தது முழு வேகத்துக்கான டைமிங். அலை உடையும் பட்டையில் மானம் காப்பது இன்னொரு முனை.

பல டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் காயில் தட்டு அசையாமல் நிற்பதில்லை. ஆக்சிலேட்டரைத் திருகும்போது தட்டும் சேர்ந்து சுழல்கிறது. மெதுவோட்டத்தில் பொறி டாப்பை ஒட்டியோ டாப்பைத் தாண்டியோ விழுகிறது, திருகத் திருக முந்துகிறது. மெதுவோட்டத்தில் ஏன் பிந்த வேண்டும்? கயிறு இழுக்கும்போது பொறி முந்தினால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும், கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். மணிக்கட்டு வீங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதோடு, பிந்திய பொறி எஞ்சினை மெதுவாக ஓட வைக்கும் கடிவாளமும்கூட.

தட்டு கொஞ்சம் சுழன்றபின்தான் கார்புரேட்டரின் கதவு திறக்கத் தொடங்க வேண்டும். எந்தக் கோணத்தில் என்று ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டைமிங்கும் காற்றும் கைகோத்து ஏற வேண்டிய இந்த இடம்தான் பிரித்துக் கட்டிய எஞ்சின்களில் அதிகம் பிசகுகிறது. கதவு முதலில் திறந்து பொறி பிந்தியே இருந்தால், காற்று திடீரென்று கொட்டி எஞ்சின் இருமும். பொறி முந்திவிட்டுக் கதவு தாமதித்தால் திருகியும் ஒன்றும் நடக்காத ஓர் இறந்த இடம் கைப்பிடியில் வரும். மேற்சொன்ன இருமல் பெரும்பாலும் இங்கே பிறக்கிறது. கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு என்று நினைத்து ஊசி விட்டுக் குத்துகிறவர்கள் ஜெட்டைப் பெரிதாக்கி வேறொரு நோயை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

எனவே வரிசை முக்கியம். முதலில் முழு முந்தலின் எல்லைத் திருகு. அடுத்து மெதுவோட்டத்தின் எல்லை. அதற்குப் பிறகுதான் கார்புரேட்டர் கதவு தொடும் இடம், கடைசியில் கம்பி நீளம். மெதுவோட்டம் நன்றாக வருகிறதே என்று கடைசியில் தொட வேண்டியதை முதலில் தொட்டால், மற்ற மூன்றும் அதன் தவறின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எஞ்சினை ஓடவிட்டுச் சரிபார்க்க டைமிங் லைட் உண்டு. பிளக் வயரில் கவ்வினால் பொறி பறக்கும் ஒவ்வொரு முறையும் மின்னும். சுழலும் மேக்னெட்டின் குறி உறைந்து நிற்பதுபோல் தெரியும். 1931-ல் எம்.ஐ.டி.யில் ஹெரால்டு எட்ஜர்டன் சுழலும் மோட்டார்களைப் பார்க்கச் செய்த ஸ்ட்ரோபாஸ்கோப்பின் தம்பி அது. மாமல்லபுரத்து உச்சி வெயிலில் அந்த மின்னல் கண்ணில் படாது. ஓலைக்கொட்டகை நிழலிலோ விளக்கு வைக்கும் நேரத்திலோதான் இந்த வேலை. எஞ்சினைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் நிறுத்தித்தான் ஓட்ட வேண்டும். வெறும் காற்றில் ஓட்டினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும், புதிதாகக் கட்டிய பிஸ்டனும் கூடவே போகும். இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் இரண்டு பிளக்கிலும் லைட்டைக் கவ்விப் பார்ப்பது அவசியம். முதலாவது சரி என்பதால் இரண்டாவதும் சரி என்று இல்லை. வயர் இரண்டும் மாறிப்போயிருந்தால் எஞ்சின் சுடும், துப்பும், ஓடாது. அது தெரியாமல் அரை நாள் கயிறு இழுத்தவர்கள் உண்டு.

டீசல் எஞ்சின் வைத்திருப்பவர் இந்தத் தொல்லை தனக்கில்லை என்று சிரிக்கலாம். அவர் எஞ்சினில் பொறி இல்லை, டைமிங் இருக்கிறது. அங்கே கேள்வி, டீசல் எப்போது பீச்சப்படுகிறது என்பது. சிறு ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் பலவற்றில் அதைத் தீர்மானிப்பது எரிபொருள் பம்புக்கு அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகள். தகடு கூடினால் பீச்சல் பிந்தும், குறைந்தால் முந்தும். 0.1 மி.மீ. தகட்டுக்கே ஏறக்குறைய ஒரு டிகிரி நகரும். பிரிக்கும்போது அந்தத் தகடு பம்பின் அடியில் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வந்து, துடைக்கும் துணியோடு குப்பைக்குப் போவது அடிக்கடி நடக்கும் விபத்து. சரிபார்க்கும் முறை டைமிங் லைட்டைவிட எளிது. பம்பின் மேல்வாயில் வளைந்த சிறு குழாயைப் பொருத்தி, ஃப்ளைவீலைக் கையால் மெல்லத் திருப்பினால் டீசல் சொட்டும். சொட்டு நிற்கும் இடம்தான் பீச்சல் தொடங்கும் இடம். அங்கே குறி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தகடு கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

கடைசிச் சோதனை கடலில். டிரம்மில் இறக்கைக்கு உண்மையான சுமை கிடைப்பதில்லை, அதனால் அங்கே கிடைத்த முடிவு பாதி முடிவுதான். புது ரிங் பழகும் வரை பொறுத்து, அலைப் பட்டைக்கு வெளியே பெட்ரோலிலேயே சில நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி, மெதுவோட்டத்துக்குக் கொண்டுவராமல் அப்படியே அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். மண்ணெண்ணெயில் ஓட்டிப் பார்த்தால் கரி படிந்து உண்மையை மறைத்துவிடும். பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. வெளுத்துச் சுண்ணாம்பாகி, அதில் மினுக்கும் பொட்டு தெரிந்தால் இன்னொரு முறை முழு வேகம் வைக்காமல் கரைக்குத் திரும்பி, எல்லைத் திருகைத் தொடும் முன் கீயையும் கார்புரேட்டரையும் பார்க்க வேண்டும். கிராங்க் சீல் வழியாகக் காற்று கசிந்தாலும் பிளக் இதே வெள்ளைதான் காட்டும்.

எல்லாம் சரியென்றால் பழைய டைமிங் குறியைக் கீறி அழித்துவிட்டு, புது இடத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு. மூடியின் உட்பக்கம் டிகிரி, பிளக் எண், கீ மாற்றிய தேதி. அடுத்து மூடியைத் திறப்பவர் வேறொரு மெக்கானிக்காகவும் இருக்கலாம், அவர் எந்தக் குறியை நம்புவார் என்று யாருக்கும் தெரியாது.